சகலை காது வைத்த பெட்டி

பழுதான கணினியில் கை வைக்கும் முன் அதில் உள்ளவற்றுக்கு நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்க முடியாத நிலையில் கணினியை இயக்கவே கூடாது. கோலாரில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிதில் மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையின் சாரம் இது. ஓய்வு பெறும் நாள்வரை அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அலுவலகத்தில் அதை யாரும் மீறியதில்லை. மீறினால் விளக்கம் கேட்டு நான் கடிதம் எழுதுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். என் வீட்டில் மட்டும் அந்த விதி எடுபடவில்லை. அதே விதியை இன்னொருவர் வந்து வேறு பாஷையில் சொன்னதும் ஒரு நிமிடத்தில் எடுபட்டது. அந்த இன்னொருவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். இதை எழுதும்போது என் முன்னால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் காகிதங்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை அகலம், செங்கல் துண்டின் கனம். முதுகில் வெள்ளைச் சீட்டு ஒன்று ஒட்டி ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க் செத்துப் பல வருடம் ஆகிறது. சகலையும் இப்போது இல்லை.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வராது என்று என் மனைவி சொல்வாள். அது சரியல்ல. நல்லதுதான் வரும், வயிற்றெரிச்சலோடு சேர்ந்து வரும். நான் பட்டம் படித்து, பரீட்சை எழுதி, அரசு வேலைக்குப் போனவன். அவர் தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கு அடியில் மரச் சட்டம் கொடுத்துக் கூரையைத் தாங்கும் வேலை செய்தவர். மூடிய பிறகு ஆண்டர்சன்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்து, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டினார். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு எழுத்து இருந்தது. 'டா'.

எங்கள் மாமனாரும் சுரங்கத்துக்காரர். ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. அந்த லைனில் அரசு வேலைக்கார மாப்பிள்ளை நான்தான் முதல். பெண் பார்க்கப் போன அன்று என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். அன்று எழுந்தவர் சாகும்வரை என் எதிரில் சரியாக உட்காரவேயில்லை. என்னை 'சார்' என்றே கூப்பிட்டார். அவரைப் பார்த்து மாமியார், மைத்துனி, அக்கம்பக்கம் எல்லோருக்கும் நான் சார் ஆனேன். எனக்குக் காபி தட்டில் வைத்து வரும். சில வருடம் கழித்து இரண்டாவது மாப்பிள்ளையாக சகலை வந்தார். அவர் வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டதும் மாமனார் கட்டிலில் நகர்ந்து இடம் விடுவார். "இன்னாடா, இன்னிக்கும் லேட்டு? ஒக்காரு." அவருக்குத் தனியாகக் காபி கிடையாது, மாமனார் குடித்துக்கொண்டிருக்கும் லோட்டாவிலிருந்தே பாதி. நான் தட்டிலிருந்த என் காபியை மரியாதையாகக் குடித்துக்கொண்டிருப்பேன்.

மாமனாருக்கு நெஞ்சு முற்றிலும் கெட்டிருந்த காலத்தில் ஒரு வீடியோ கேமரா வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேசவைத்துப் படம் எடுத்தேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் போகும்போது எத்தனை மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று அவர் சொல்கிறார். மூச்சு வாங்கும்போதெல்லாம் சகலை பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்கிறார். இருவரும் சிரித்து, இருமி, மறுபடி சிரிக்கிறார்கள். நான் படத்தில் இல்லை. எடுப்பவன் இருக்க முடியாது. கடைசியில் மாமனார் கேமராவைப் பார்த்து, "சாருக்குக் காபி குடுத்தீங்களா?" என்கிறார். அவ்வளவுதான் என் பங்கு. அவர் போன பிறகு அவர் குரல் என்று மிஞ்சியது அது ஒன்றே. அதை என் கணினியில் தேதி வாரியாகப் பெயரிட்டு வைத்தேன். நகல் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பென் டிரைவில் போட்டு சகலையிடம் கொடுத்து, பத்திரப்படுத்தும்படி சொன்னேன். கையெழுத்து வாங்கவில்லை. குடும்பத்தில் அப்படிச் செய்ய முடியாது என்றார்கள்.

மாமனாரின் திதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வருடம் கணினி தகராறு செய்யத் தொடங்கியது. முதலில் திடீரென்று உறைந்து நின்றது. பிறகு திரை நீலமாகித் தானே அணைந்து தானே எழுந்தது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எங்கள் ஊரில் எது கெட்டாலும் முதல் பழி சயனைடு மேட்டுத் தூசிக்குத்தான் விழும். சுரங்கக் கழிவுக் குன்றிலிருந்து காற்றடிக்கும் காலத்தில் வெள்ளையாகப் பறந்து வந்து சோற்றில்கூட விழுவது அது. திதி வேலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மைத்துனி இன்னொரு காரணம் கண்டுபிடித்தாள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரமெல்லாம் குலுங்கும். அதற்கு இங்கே ஏர்பிளாஸ்ட் என்று பெயர். "பூமி ஆடுனா நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். அதான் பயந்துனு ஆஃப் ஆவுது," என்றாள். சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகியும் பழி மட்டும் அதன் மேல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

நான் முறைப்படி போனேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்து வை. தூசியைத் துடைத்தேன், மறுபடி நின்றது. நினைவகத் தகடுகளைக் கழற்றி, அவற்றின் பொன் முலாம் பூசிய பற்களை அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தினேன். ஊரில் இவ்வளவு தங்கமாவது மிச்சம் இருக்கிறதே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மறுபடி நின்றது. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தேன். யூபிஎஸ்ஸை விலக்கிச் சுவரிலிருந்து நேராக இணைத்தேன். வைரஸ் தேடினேன். எதிலும் குணமில்லை. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கடிதம் தட்டச்சு செய்தால் நாள் முழுக்க ஓடுகிறது. படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தால் உடனே செத்துவிடுகிறது. சாவதற்கு முன் உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். அதைப் படிக்கத் தனி மென்பொருள் உண்டு. படித்தேன். கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை நேற்றைவிட இன்று கூடியிருந்தது. மறுநாள் அதைவிடக் கூடியிருந்தது. சந்தேகத்துக்கு இடமேயில்லை. புது டிஸ்க் வாங்கி வந்து நகல் எடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் திரை நீலமானது. அதோடு நிறுத்திவிட்டேன். விதியின் இரண்டாம் பாதி வந்துவிட்டது: இனி இயக்கவே கூடாது. இயக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஊசி போன்ற ஒன்று தட்டின் மேல் உராய்ந்து, இருப்பதையும் சுரண்டிவிடும்.

இதைத்தான் மனைவியையும் மைத்துனியையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவர்கள் கவனித்தது நான் சொன்ன கடைசிச் சொல்லை மட்டும். அது 'கூடாது'. திதிக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் ஆசையாக இருந்தார்கள். காலையில் பெட்டி சூடாகாமல் இருக்கும்போது போட்டால் ஓடும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. நான் குளிக்கப் போனால் போதும், கணினி எழும் சத்தம் கேட்கும். ஈரத் தலையோடு ஓடி வந்து அணைப்பேன்.

"அப்பாவ ஒரு வாட்டி பாக்கணும்னா, கூடாது கூடாதுன்றீங்க. அப்போ இன்னாத்துக்கு இந்தப் பொட்டி?" என்றாள் மனைவி.

"அது ஹார்ட் டிஸ்க் கெட்டிருக்கு. நகல் எடுக்கிறதுக்கு முன்னாடி இயக்கினா..."

"ஆபீஸ்ல பேசற மாதிரியே பேசுங்க."

அவள் எனக்குத் தெரியாமல் பஜாரில் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் போனில் பேசிவிட்டாள். பார்க்காமலே அவர் சொல்லிவிட்டார், ஃபார்மேட் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று. சாயங்காலம் வருவதாகவும் சொன்னாராம். ஃபார்மேட் என்றால் இருப்பதைத் துடைத்துவிடுவது என்று சொன்னேன். "தொடச்சாதானே சுத்தமாவும்?" என்றாள் மைத்துனி. மாமனாரின் குரலுக்கு அன்று சாயங்காலம்வரைதான் ஆயுள்.

அப்போதுதான் பென் டிரைவ் ஞாபகம் வந்து சகலைக்குப் போன் செய்தேன். எங்கோ மைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க சார். ஹலோ, ஹலோ, ஒன், டூ... உங்கள இல்ல சார், மைக்க."

பென் டிரைவைக் கேட்டேன்.

"அது பத்திரமா கீது சார். ஆடி மாசம் அதுலதான் அம்மன் பாட்டு ஏத்துனோம். சூப்பரா பாடுது."

"அதில் ஏற்கெனவே இருந்தது?"

"எடம் பத்தல சார்."

கோபத்தை அடக்கிக்கொண்டு விஷயத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். டிஸ்க் சாகும் நிலையில் இருப்பது, டிக் டிக் சத்தம், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடுவது, முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்க வேண்டியது, பெங்களூரில் அதற்கென்று தூசி புகாத அறை வைத்திருப்பவர்கள் இருப்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் "ம்ம், ம்ம்" என்றார். நடுவில் யாரிடமோ ஒயரை இழுக்கச் சொன்னார். என் பேச்சில் பாதிகூட அவர் காதில் விழுந்திருக்காது என்று முடிவு செய்து வைத்துவிட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்தார். சட்டை முழுக்க வேர்வை. உள்ளே கணினி மறுபடி போடப்பட்டு, மறுபடி உறைந்து நின்றிருந்தது. மனைவி அதன் முன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, மாமா பேச மாட்டேன்றாரா?" என்றார்.

"நீ வேற. அக்கா காலைலேர்ந்து அழுதுனு கீது," என்றாள் மைத்துனி.

"ஃபேன ஆஃப் பண்ணு. எல்லாம் கம்முனு இருங்க. சார், நீங்களுந்தான்."

நான் பேசவேயில்லை. அவர் மண்டியிட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, பக்கவாட்டில் காதை ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். சுரங்கத்தில் வேலை ஆரம்பிக்கும் முன் கூரைப் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டிப் பாறை கணீர் என்னும். பிளந்து நிற்கும் பாறை டொக் என்னும். அவர் முகம் அந்தத் தட்டலைக் கேட்கும் முகமாக இருந்தது. அந்த லைனில் பிறந்த இரண்டு பெண்களும் மூச்சு விடவில்லை. உள்ளே டிக் டிக்.

"கல்லு பேசுதுக்கா," என்றார் மெதுவாக.

"இன்னா தம்பி சொல்ற?"

"ரூஃப் வுழறதுக்கு முன்னாடி இப்டிதான் பேசும். இதுக்குக் கீழ நின்னுனு, இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு நென்ச்சவன் எவனும் வூட்டுக்கு வரல. மாமா உள்ள கீறாரு. மொதல்ல ஆள வெளிய எடு. அப்பால ரூஃப பாத்துக்கலாம்."

என் மனைவி எழுந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள். பஜார்க்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இத நீங்க இப்டி வெளங்கற மாதிரி சொல்லிருக்கலாம் இல்ல?" என்றாள்.

முதலில் நகல், பிறகு பழுது. முதலில் ஆள், பிறகு கூரை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன். அதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரிந்தது. சகலையை வாசலில் பிடித்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "காது சார். அண்டர்கிரவுண்டு காது," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார்.

டிஸ்கை நானே பெங்களூருக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். சில படங்கள் போயின, மாமனார் வந்துவிட்டார். இன்னும் நாலைந்து தடவை போட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது என்றார்கள் அங்கே. அதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "பாத்தீங்களா, தம்பி மட்டும் அன்னிக்கு வரலன்னா," என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். திதியன்று கூடம் நிறைய ஆட்கள். திரையில் மாமனார், "டேய், சும்மா இருடா," என்று சகலையைத் தோளில் அடித்தார். கூடத்திலிருந்த சகலை தோளைத் தடவிக்கொண்டே எல்லோரையும் சிரிக்க வைத்தார். கடைசியில் மாமனார் எனக்குக் காபி கொடுத்தார்களா என்று கேட்டதும் உறவுக்காரர் ஒருவர் எழுந்து உண்மையிலேயே எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் வைத்து.

அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சகலையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவருடைய காது பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போகும். கடைசியாக நான் கேட்ட வடிவத்தில், வாசல் கேட்டில் செருப்பு விடும்போதே அவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. "சார் பாவம், புக்கெல்லாம் வெச்சுனு தேடுனாரு," என்பது அதில் எப்போதும் மாறாத வரி. நான் புத்தகம் எதுவும் வைத்துத் தேடவில்லை. மறுத்தால் கதை இன்னும் நீளும் என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் ராத்திரியில் விழிப்புத் தட்டும்போது கேள்வி வரும். சத்தத்தை வைத்து டிஸ்க் என்று ஊகிக்கலாம். உள்ளே இருப்பதை முதலில் எடுக்க வேண்டும் என்பதும் இயக்கினால் சேதம் கூடும் என்பதும் காதுக்கு எப்படித் தெரியும்? நான் நாள்கணக்கில் ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிக் கண்டதை இந்த மனிதர் மண்டியிட்டுக் கண்டார் என்றால், நான் படித்ததெல்லாம் எதற்கு?

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போய்விட்டது. மைக்குக்கே குரல் கொடுத்தவருக்கு அப்படி ஆனதில் எனக்கு வருத்தம்தான், அதில் கலப்படமில்லை. ஞாயிறுதோறும் ஸ்கெலட்டனில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போய், கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக் காட்டுவேன். நான் படிக்கும்போது அவர் கண் சொருகும். வேறு யாராவது வந்துவிட்டால் போதும், இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, கேஜ் மணி மாதிரியே கணக்கு வைத்து, வந்தவரைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவார். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஒரு வார்த்தை இல்லாமல் அவரால் ஒரு வீட்டைச் சிரிக்க வைக்க முடிந்தது. எல்லா வார்த்தையும் கையிலிருந்த நான் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். நேரில் கேட்க வெட்கமாக இருந்தது. பழக்க தோஷத்தில் மேலே 'பொருள்: கணினிப் பழுதைக் கண்டறிந்த முறை பற்றி' என்று போட்டுவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி. படித்துவிட்டதற்கு இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. அலுவலகமாக இருந்தால் கடிதம் கிடைத்ததாக உடனே ஒரு வரியாவது எழுத வேண்டும். தாமதமானால் நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம். தீபாவளி வாழ்த்தோடு சேர்த்து ஒரு நினைவூட்டும் அனுப்பினேன். நீலக் குறிகள். அடுத்த ஞாயிறு போனபோது என்னைப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பேப்பர் படித்தேன்.

கார்த்திகை போய் மார்கழியின் கடைசி நாளும் வந்தது. காலையில் தெருவெல்லாம் பழம்பாய் எரியும் புகை. அந்தச் செத்த டிஸ்கையும் போட்டுவிடலாமே என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள். அதைக் கையில் எடுத்தேன். போன் சத்தம் கொடுத்தது. சகலை.

'நீ தான சொன்ன போன்ல.'

பார்த்துக்கொண்டே நின்றேன். இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்ட வேண்டும். வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.

'நா சும்மா காது வெச்சன்.'

ஆக, மைக்கின் அலறலுக்கு நடுவில் என் பேச்சு முழுவதையும் அவர் கேட்டிருக்கிறார். கேட்டதை எடுத்து வந்து, மண்டியிட்டு, அந்த இரண்டு பெண்களுக்கும் புரியும் பாஷையில் போட்டிருக்கிறார். கண்டுபிடித்தவன் நான். இத்தனை வருடமும் நான்தான். ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. நான் சொன்னால் எடுபடாதது, நான் சொன்னதையே அவர் சொன்னால் எடுபடும் என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தின் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.

மனைவியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தாள். "பாவம். இவ்ளோ கஷ்டத்துலயும் உங்க மனசு நோகக் கூடாதுன்னு இப்டி எழுதிருக்காரு பாருங்க. தம்பிக்கு அந்த மனசு," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொங்கல் வேலையைப் பார்க்கப் போனாள். 

அவள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்திருந்தேன். 'நீங்க' இல்லை, 'சொன்னீங்க' இல்லை, 'சார்' இல்லை. 'நீ'. அந்தக் குடும்பத்தில் எனக்கு முதல் 'நீ'. ஒற்றை விரலுக்கு ஒவ்வொரு எழுத்தும் பாரம் என்பதால் மரியாதையை உதிர்த்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. விளக்கம் கேட்டு எழுதவில்லை. அடுத்த ஆடியில் அவர் போய்விட்டார்.

டிஸ்கை அன்று நெருப்பில் போடவில்லை. துடைத்து மேசைக்குக் கொண்டுவந்து, ஒரு வெள்ளைச் சீட்டு வெட்டி முதுகில் ஒட்டி, அலுவலகத்தில் தபாலின் மூலையில் எழுதுவதுபோல் எழுதினேன்: பதில் பெறப்பட்ட நாள், போகி.